கப்பல் சென்சார் அளவீடுகளுக்குக் கப்பலிலேயே முத்திரை வேண்டும்: கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்கள், மும்பை.

பொருள்: இந்தியக் கொடியேந்திய கப்பல்களின் சென்சார் தரவைப் பாதுகாப்பாகவும் சிக்கனமாகவும் கரைக்கு அனுப்புவதற்கான விதிகள் குறித்து.

மதிப்பிற்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டத்துக்கு மாற்றாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. அதன் கீழான விதிகளும் சுற்றறிக்கைகளும் தங்கள் அலுவலகத்தின் வழியாகவே கப்பல்களை வந்தடையும் என்பதால், ஒரு கோரிக்கையை இப்போதே முன்வைக்கிறேன். கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான செயற்கைக்கோள் இணைப்பைப் பாதுகாப்பதோடு நின்றுவிடாமல், ஒவ்வோர் அளவீடும் எந்தக் கருவியில், எந்த நொடியில் எடுக்கப்பட்டது என்பதையும், எடுத்த பிறகு அது மாற்றப்படவில்லை என்பதையும் உறுதிசெய்யும் டிஜிட்டல் முத்திரையைக் கப்பலிலேயே இடும் ஏற்பாட்டைத் தாங்கள் கட்டாயமாக்க வேண்டும். இதைச் செய்தால் செயற்கைக்கோள் கட்டணம் எகிறிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு அப்படி வருவதில்லை என்பதையும் இம்மடலில் காட்ட முயல்கிறேன்.

நான் வணிகக் கப்பல்களில் மின்தொழில்நுட்ப அதிகாரியாக, அதாவது இ.டி.ஓ.வாகப் பணியாற்றியவன், இப்போது கரையில் இருந்துகொண்டு கப்பல்கள் அனுப்பும் அளவீடுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். முன்பெல்லாம் கரை அலுவலகம் ஒரு கப்பலின் நிலையை நாளுக்கு ஒருமுறை, நண்பகல் அறிக்கையின் வழியாகத்தான் தெரிந்துகொண்டது. எரிந்த எண்ணெய், ஓடிய தூரம், காற்று, அலை எனச் சில எண்கள் அதில் இருக்கும். அவற்றை எழுதியவர் யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இன்று அந்த எண்களின் எடை கூடிவிட்டது. மொத்த டன் அளவு 5,000-ம் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் 2019 ஜனவரி முதல் எரிபொருள் கணக்கைச் சேகரித்து, சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ.வின் தரவுத்தளத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 2023 முதல் அந்தக் கணக்கை வைத்தே கப்பலின் கரிமத் தரநிலை ஏ முதல் இ வரை வகுக்கப்படுகிறது. ஐரோப்பியத் துறைமுகங்களுக்குச் செல்லும் கப்பல்கள் 2024ஆம் ஆண்டின் உமிழ்வில் 40 விழுக்காட்டுக்கும், 2025இல் 70 விழுக்காட்டுக்கும், 2026 முதல் முழுமைக்கும் உமிழ்வு உரிமங்களை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ மீட்டர் காட்டும் எண் இப்போது நேரடியாகப் பணம். பணமாகிவிட்ட எண்ணைத் திருத்திப் பார்க்கும் ஆசை யாருக்கு வரும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஓர் அளவீடு கரை சேரும் பாதையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் காற்றுமானி, ஆழமானி, திசைகாட்டும் கைரோ, ஜி.பி.எஸ். ஆகியவை ஒன்றோடொன்று பேச இன்றும் பெரும்பாலும் பயன்படுவது 1983இல் வகுக்கப்பட்ட என்.எம்.இ.ஏ. 0183 முறைதான். நொடிக்கு 4,800 பிட் வேகத்தில், 82 எழுத்துக்கு மிகாத வரிகளாக அளவீடுகள் இதில் செல்கின்றன. முழு நீள வரிகளானால் நொடிக்கு ஆறுகூடச் செல்லாது. வரியின் முடிவில் இரண்டு எழுத்தில் ஒரு செக்சம், அதாவது வரியின் எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண், வரும். வழியில் மின்னிரைச்சலால் ஓர் எழுத்து சிதைந்தால் அது காட்டிக்கொடுக்கும். வேண்டுமென்றே எண்ணை மாற்றுபவருக்கோ அது ஒரு தடையே இல்லை. மாற்றிய வரிக்குப் புதிய செக்சம் கணக்கிடப் பள்ளி மாணவர் எழுதும் நிரல் போதும். வரியை அனுப்பியது உண்மையில் ஆழமானிதானா, அதே கம்பியில் செருகப்பட்ட மடிக்கணினியா என்று கேட்கும் வழக்கமே இந்த முறையில் கிடையாது.

என்ஜின் அறையின் நிலையும் இதைவிட மேலானதன்று. 1979இல் தொழிற்சாலைகளுக்காகப் பிறந்த மோட்பஸ் முறையில்தான் பல அலாரம் அமைப்புகள் தம் பதிவேடுகளைப் பிறருக்குத் திறந்து காட்டுகின்றன. கேட்பவர் யார், எழுதுபவர் யார் என்ற விசாரணை அங்கேயும் இல்லை. பின்னர் வந்த ஐ.இ.சி. 61162-450 தரநிலை இதே வரிகளை ஈதர்நெட் வலையமைப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபரப்புகிறது. அதற்கான காப்பு ஏற்பாடுகளை 61162-460 என்ற தனித் தரநிலை வகுத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களில் முன்னதைப் பரவலாகப் பார்க்கிறேன், பின்னதை அரிதாகவே பார்க்கிறேன்.

இந்த வரிகளையெல்லாம் ஒரு கணினி சேகரித்து, சுருக்கி, குறியாக்கம் செய்யப்பட்ட வி.பி.என். என்னும் மறைகாப்பு இணைப்பு வழியாகக் கரைக்கு அனுப்புகிறது. கப்பல் நிறுவனங்கள் “எங்கள் தரவு பாதுகாப்பாக இருக்கிறது” என்று சொல்லும்போது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டுமே சொல்கின்றன. நெடுஞ்சாலையில் போலீஸ் காவல் இருக்கிறது என்பதற்காகக் கண்டெய்னருக்கு சீல் வைக்காமல் யாரும் அனுப்புவதில்லை. சீல் ஏற்றும் இடத்தில் வைக்கப்படுகிறது, சேருமிடத்தில் அதன் எண்ணைப் பார்த்துச் சரக்கைப் பெறுகிறார்கள், இடையில் வண்டி எத்தனை மாறினாலும் கவலையில்லை. அளவீடுகளுக்கு நான் கேட்பதும் அதுதான்.

இணைப்பின் இரு முனைகளிலும் ஆபத்து இருக்கிறது என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2023 ஜனவரியில் கப்பல்களை ஆய்ந்து சான்றளிக்கும் டி.என்.வி. நிறுவனத்தின் ஷிப்மேனேஜர் மென்பொருளின் கரைச் சர்வர்கள் மீது, கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் நடந்தது. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவற்றில் ஏறக்குறைய 1,000 கப்பல்கள் பாதிக்கப்பட்டன. கப்பலில் இருந்த பகுதி தொடர்ந்து இயங்கியது. அடிபட்டது கரை. கரையில் இருக்கும் தரவுத்தளம் ஒருமுறை பிறர் கைக்குப் போய் மீண்ட பிறகு, அதிலுள்ள எந்த எண்ணை நம்புவது என்ற கேள்விக்கு வி.பி.என். எந்தப் பதிலும் தராது. கப்பலில் இட்ட முத்திரை ஒவ்வொரு தொகுப்போடும் ஒட்டியிருந்தால், மீட்கப்பட்ட தரவை வரிக்கு வரி மீண்டும் சரிபார்க்கலாம்.

மறுமுனையில், 2021 ஜூனில் பிரிட்டனின் டிஃபெண்டர் போர்க்கப்பல் செவஸ்தபோலை நெருங்குவதாக, கப்பல்கள் தம் பெயரையும் இடத்தையும் வானொலியில் அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். முறையின் திரைகள் காட்டின, அதே நேரத்தில் ஒடேசா துறைமுகத்தில் அது கட்டப்பட்டிருப்பதை அங்கிருந்த நேரலைக் கேமராக்கள் காட்டின. ஏ.ஐ.எஸ்.ஸில் யார் வேண்டுமானாலும் எந்தக் கப்பலின் பெயரிலும் பேசலாம் என்பதால் இது நடந்தது. சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அனைத்திலும் 2004 இறுதிக்குள் கட்டாயமாக்கப்பட்ட ஒரு கருவியில், முத்திரைக்கு இடம் வைக்காமல் விட்டதன் விலையை இருபதாண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இனி எழுதும் விதியில் அந்த இடத்தை முதலிலேயே வைத்துவிடுவது நல்லது.

நேரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அனுபவத்தில் வேண்டுமென்றே செய்யப்படும் திருட்டைவிட நேரக் குழப்பமே தரவை அதிகம் கெடுக்கிறது. என்.எம்.இ.ஏ. வரிகளில் ஜி.பி.எஸ். நிலையைச் சொல்லும் வரி தன் நேரத்தையும் சொல்கிறது. காற்றின் வேகத்தைச் சொல்லும் வரியும், ஆழத்தைச் சொல்லும் வரியும், கைரோ திசையைச் சொல்லும் வரியும் நேரம் சொல்வதில்லை. அந்த வரிகளுக்கு நேரம் கொடுப்பது சேகரிக்கும் கணினிதான், அதுவும் வரி தன்னிடம் வந்து சேர்ந்த நேரத்தை. நடுவில் ஒரு மாற்றி வரிகளைத் தேக்கி வைத்து மொத்தமாகத் தள்ளினால் எல்லா அளவீடுகளும் ஒரே நொடியில் எடுக்கப்பட்டதாகப் பதிவாகும். கணினி கிரீன்விச் நேரத்தில் ஓட, என்ஜின் அறை அலாரம் அமைப்பு கப்பல் நேரத்தில் ஓடினால், மேற்கு நோக்கிய பயணத்தில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் இரவில் ஒரு மணி நேரத்து அளவீடுகள் இரண்டு முறை வரும். கிழக்கே போகும்போது ஒரு மணி நேரம் காணாமலே போகும். அந்த இரவின் எண்ணெய்க் கணக்கையும் என்ஜின் சுழற்சியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், சீஃப் என்ஜினியரைச் சந்தேகப்படுவாரே தவிரக் கடிகாரத்தைச் சந்தேகப்படமாட்டார்.

எல் ஃபாரோ கப்பல் 2015 அக்டோபர் 1 அன்று பஹாமாஸ் அருகே ‘வாக்கின்’ என்ற புயலில் 33 பேருடன் மூழ்கியது. அதன் கேப்டன் நம்பிய வானிலை மென்பொருள் காட்டிய புயலின் இடம் மணிக்கணக்கில் பழையது என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை பதிவுசெய்திருக்கிறது. தகவல் வரத்தான் செய்தது, எப்போது எடுக்கப்பட்ட தகவல் என்பது கண்ணில் படும்படி வரவில்லை. அதே விசாரணையின் முடிவில் வாரியம், கப்பல்களின் வானிலைக் கருவிகள் எடுக்கும் அளவீடுகளை, இடமும் நேரமும் சேர்த்து ஒரே செய்தியாக ஏ.ஐ.எஸ். போன்ற வழியில் வானிலை மையங்களுக்குத் தானாகவே அனுப்ப முடியுமா என்று சோதிக்கப் பரிந்துரைத்தது. அளவீடு, இடம், நேரம் மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகப் பயணிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். தாங்கள் எழுதும் விதியிலும் இந்த மூன்றோடு நான்காவதாக அளவீட்டின் தரக்குறியும் சேர வேண்டும். சென்சார் பழுது, அளவுதிருத்தம் நடக்கிறது, மதிப்பு கையால் இடப்பட்டது என்பதையெல்லாம் சொல்லும் அந்தச் சிறு குறியைத்தான் பல கேட்வேக்கள், அதாவது அளவீடுகளைச் சேகரித்துக் கரைக்கு அனுப்பும் இடைக் கருவிகள், முதலில் வெட்டி எறிகின்றன, இரண்டு பைட் மிச்சம் பிடிப்பதற்காக.

இனிச் சிக்கனத்துக்கு வருகிறேன். ஒரு நடுத்தரக் கப்பலில் 1,000 அளவீட்டுப் புள்ளிகளை நொடிக்கு ஒருமுறை படிப்பதாகக் கொள்வோம். மதிப்புக்கு எட்டு பைட், நேரத்துக்கு எட்டு பைட் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 1.38 ஜிகாபைட். இதையே மனிதர் படிக்கும் எழுத்து வடிவில், புள்ளியின் பெயரோடு 100 பைட்டாக எழுதினால் 8.64 ஜிகாபைட். ஆக, எந்தச் செயற்கைக்கோளுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சுக்கு முன்னால், எழுதும் வடிவத்தை மாற்றியே ஆறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடலாம். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு கேள்வி போய் விடை திரும்ப அரை நொடிக்கு மேல் ஆகும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் தனித்தனியே கை குலுக்கிக்கொண்டிருக்கும் நெறிமுறை அங்கே நேரத்தையும் பைட்டையும் வீணாக்கும். 1999இல் எம்.க்யூ.டி.டி. நெறிமுறை உருவானதே, பாலைவன எண்ணெய்க் குழாய்களின் சென்சார்களைச் செயற்கைக்கோள் வழியே மலிவாகக் கண்காணிக்கத்தான். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் வரும் அதன் தலைப்பு, குறைந்த அளவில் இரண்டு பைட்டில் அடங்கும். பிறப்பிலேயே நம் தேவைக்கு நெருக்கமான கருவி அது, இன்று திறந்த தரநிலையாகவும் இருக்கிறது. அதைவிட்டு ஒவ்வோர் உற்பத்தியாளரும் தமக்கென ஒரு மூடிய வடிவம் வைத்திருப்பதை நியாயப்படுத்த எனக்குக் காரணம் தெரியவில்லை.

அடுத்த சேமிப்பு, மாறினால் மட்டும் அனுப்புவதில் இருக்கிறது. சரக்கு டேங்கின் வெப்பநிலை ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்கும்போது அதை 3,600 முறை சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது, இதில் விழாத நிறுவனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. மாற்றம் இல்லாததால் வந்த மௌனமும், கம்பி அறுந்ததால் வந்த மௌனமும், இணைப்பு இல்லாததால் வந்த மௌனமும் கரையில் ஒரே மாதிரித் தெரியும். கரையிலுள்ள மென்பொருள் கடைசியாக வந்த எண்ணை நேர்கோடாக நீட்டி வரைந்துகொண்டே இருக்கும்; பார்ப்பவருக்கு எல்லாம் நலமாகத் தோன்றும். எனவே, மாறாத புள்ளிகளும் குறித்த இடைவெளியில் “உயிரோடு இருக்கிறேன்” என்று ஒரு சிறு செய்தி அனுப்ப வேண்டும் என்பதும், இணைப்பு அறுந்த நேரத்து அளவீடுகள் கப்பலில் தேங்கி நின்று பின்னர் தம் உண்மையான நேரத்தோடு கரை சேர வேண்டும் என்பதும் விதியில் இருக்க வேண்டும். அலாரங்கள் வரிசையில் முன்னால் செல்லட்டும்; பழைய அளவீடுகள் பின்னால் வரட்டும்.

முத்திரையின் செலவைக் கணக்கிடுவோம். ஒவ்வோர் அளவீட்டுக்கும் 64 பைட் டிஜிட்டல் கையொப்பம் இட்டால் நாளுக்கு 5.5 ஜிகாபைட் கையொப்பத்துக்கே போய்விடும். “கட்டுப்படியாகாது” என்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். ஒரு நிமிடத்து அளவீடுகளை ஒரு தொகுப்பாக்கி, அந்தத் தொகுப்புக்கு ஒரு கையொப்பமும், முந்தைய தொகுப்பின் 32 பைட் சுருக்கக் குறியையும் (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற எண்) சேர்த்தால் 96 பைட். நாளுக்கு 1,440 நிமிடங்கள், ஆக மொத்தம் சுமார் 138 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் அளவுகூட இல்லை. முந்தைய தொகுப்பின் குறியைச் சேர்ப்பதால், நடுவில் ஒரு நிமிடத்தை யாரேனும் உருவி எடுத்தால் சங்கிலி அறுந்து தெரியும். முதலில் கையொப்பம், பிறகு சுருக்கம், கடைசியில் குறியாக்கம் என்ற வரிசையையும் விதியே சொல்லிவிட வேண்டும். குறியாக்கம் செய்த பின் தரவு சுருங்காது என்ற அடிப்படையை மறந்து வரிசையை மாற்றி வைத்த அமைப்புகள் உண்மையிலேயே கடலில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

கரைக்கு நிமிடச் சராசரி, உச்சம், தாழ்வு மட்டும் போனால் போதும் என்று ஒரு நிறுவனம் முடிவு செய்யலாம். அதில் எனக்கு மறுப்பில்லை, மூல அளவீடுகள் கப்பலில் இருக்கும் வரை. பயணத் தரவுப் பதிவுக் கருவியான வி.டி.ஆர்., 2014 ஜூலைக்குப் பின் பொருத்தப்பட்டதாயின், உள்நினைவகத்தில் 30 நாள் பதிவை வைத்திருக்க வேண்டும். புகைபோக்கிக் கழுவிகளான ஸ்க்ரப்பர்களின் பதிவுக் கருவி திருத்த முடியாததாகவும், படிக்க மட்டும் கூடியதாகவும் இருந்து, 18 மாதத் தரவைக் காக்க வேண்டும் என்று ஐ.எம்.ஓ. வழிகாட்டுதல் முன்னரே சொல்கிறது. மேலே சொன்ன 1,000 புள்ளிக் கப்பலுக்கு அதே 18 மாதக் கெடுவை வைத்தால் சுருக்காத நிலையிலேயே சுமார் 760 ஜிகாபைட். ஒரு டெராபைட் வட்டு ஒன்றும், அதற்கு மாற்று ஒன்றும் போதும்.

பூமிக்கு அருகில் சுற்றி வேகமான இணைப்புத் தரும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்கள் வந்துவிட்ட பிறகு இந்தச் சிக்கனமெல்லாம் எதற்கு என்று கேட்கப்படுகிறது. உரிமம் இல்லாத நாட்டின் கடற்பரப்பில் அந்தக் கருவியை அணைக்க வேண்டியிருக்கிறது. அப்போது பழைய, மெல்லிய இணைப்புக்கே கப்பல் திரும்புகிறது. மேலும், கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2024 டிசம்பர் 23 முதல் நடைமுறையில் இருக்கிறது; மாலுமிகளுக்கு இயன்ற அளவு இணைய வசதி தர வேண்டும் என்கிறது அது. என்ஜின் அறை கொட்டும் வெற்று எண்களுக்காக, வீட்டோடு பேசும் மாலுமியின் வேகம் குறைவதை நான் பார்த்திருக்கிறேன். பகிர்ந்துகொள்ளும் குழாயில் இயந்திரம் அடக்கமாக இருப்பதே முறை.

முத்திரை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் பில்ஜ் நீரில் எண்ணெய் 15 பி.பி.எம்.க்கு (பத்து லட்சத்தில் 15 பங்குக்கு) மேல் இருந்தால் வெளியேற்றத்தைத் தடுக்கும் கருவியை ஏமாற்ற, அதன் மாதிரிக் குழாயில் நன்னீரைத் திறந்துவிடும் தந்திரம் கப்பல் துறையில் நெடுங்காலமாக உண்டு. கருவி உண்மையைத்தான் சொல்கிறது, அதற்குக் காட்டப்படும் நீர்தான் பொய். இதை அறிந்துதான் 2003இல் ஐ.எம்.ஓ. நிறைவேற்றிய தீர்மானம், கழுவுவதற்காக நன்னீர் திறந்தாலும் அலாரம் எழ வேண்டும் என்று விதித்தது. 2017 ஜூனில் ரஷ்யாவின் நொவோரோசிஸ்க் அருகே இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜி.பி.எஸ்., தாங்கள் கரைக்குள் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. அந்த நிலையில் கையொப்பமிட்டு அனுப்பினால் கிடைப்பது குற்றமற்ற முத்திரையுடன் ஒரு பொய். ஆகவே ஜி.பி.எஸ். நிலையோடு, கைரோவும் வேகமானியும் கொண்டு கணக்கிட்ட நிலைக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஃப்ளோ மீட்டரோடு டேங்க் அளவும், என்ஜின் சுழற்சியோடு தண்டின் திருகுவிசையும் அருகருகே வந்தால், ஒன்றை ஏமாற்றுபவர் மற்றொன்றையும் ஏமாற்ற வேண்டியிருக்கும். ஜி.பி.எஸ். கெட்டால் அதிலிருந்து நேரம் பெறும் கடிகாரமும் கெடும் என்பதால், வெளி நேரம் திடீரெனத் தாவினால் ஏற்க மறுக்கும் உள்கடிகாரமும் கேட்வேயில் இருக்க வேண்டும்.

2024 மார்ச் 26 அன்று கொழும்பு நோக்கிப் புறப்பட்ட டாலி கப்பல் பால்டிமோர் பாலத்தில் மோதி, பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். மின்சாரம் போனபோது அதன் வி.டி.ஆர். குரலைத் தொடர்ந்து பதிந்தது. கப்பல் அமைப்புகளின் தரவு மட்டும் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரம் பதிவாகாமல் நின்றது. விசாரணைக்கு மிகவும் தேவைப்பட்டது அந்த நிமிடம்தான். அந்தக் கப்பலில் 20 இந்தியர்களும் ஓர் இலங்கையரும் இருந்தார்கள். இத்தகைய நேரத்தில் மாலுமிகளைக் காக்கும் சாட்சி சென்சார் தரவு ஒன்றே என்பதால், சேகரிக்கும் கணினிக்கும் கேட்வேக்கும் மாற்று மின்சாரம் இருப்பது இந்த விதியின் பகுதியாக இருக்க வேண்டும்.

மாலுமிகளின் தரப்பில் இன்னொரு கவலையும் உண்டு. எண்ணெய்க் கணக்கில் கையெழுத்திடுபவர் சீஃப் என்ஜினியர். கரையில் அந்த எண்ணை “திருத்தி” அனுப்பக்கூடியவர் வேறொருவர். ஆய்வாளர் வந்து நிற்கும்போது விசாரிக்கப்படுபவர் மட்டும் எப்போதும் கப்பலில் இருப்பவரே. கப்பலில் இட்ட முத்திரையின் நகல் கப்பலிலேயே இருந்தால், தான் அனுப்பியது எது என்று அவரால் காட்ட முடியும். அதே வேளையில், கதவு திறப்பதையும் அறை விளக்கையும் வைத்து மாலுமியின் நடமாட்டத்தை அளக்கும் கண்காணிப்பாக இது மாறிவிடக் கூடாது. இயந்திரத்தின் அளவீட்டுக்கும் மனிதரின் தடத்துக்கும் இடையில் விதி தெளிவாகக் கோடு கிழிக்க வேண்டும்.

தரவு வெளியே செல்லும் வாசல் எவரும் உள்ளே வரும் வாசலாக இருக்கக் கூடாது என்பது அடுத்தது. முதன்மை என்ஜின், பேலஸ்ட் நீர்ச் சுத்திகரிப்பு, ஸ்க்ரப்பர் என ஒவ்வொன்றின் உற்பத்தியாளரும் தத்தம் பெட்டியைப் பொருத்தி, தொலைவிலிருந்து நுழையத் தனி வழி வைத்திருக்கிறார்கள். அவை எத்தனை என்று கப்பல் உரிமையாளரிடமே பட்டியல் இல்லாத கப்பல்கள் உண்டு. கட்டுப்பாட்டு வலையமைப்பிலிருந்து தரவு ஒற்றை வாசல் வழியே, ஒருவழியாக மட்டும் வெளியேற வேண்டும். பழுதுபார்க்க எவரேனும் உள்ளே வர வேண்டுமானால், கப்பலில் உள்ளவர் கையால் திறந்து, வேலை முடிந்ததும் மூடும் தனி வழி போதும்.

இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே விதியாக இருக்கிறதே என்று தங்கள் அலுவலர்கள் சொல்லக்கூடும். ஐ.எம்.ஓ.வின் 2017ஆம் ஆண்டுத் தீர்மானம், 2021 ஜனவரி 1க்குப் பிந்தைய முதல் ஆண்டுத் தணிக்கைக்குள் இணைய ஆபத்துகளைப் பாதுகாப்பு மேலாண்மை முறையில் சேர்க்கச் சொன்னது. நடைமுறையில் அது பல கப்பல்களில் ஒரு கோப்பாகவும், யு.எஸ்.பி. துளைகளை அடைக்கும் பிளாஸ்டிக் மூடிகளாகவும் முடிந்துவிட்டது. கப்பல்களை ஆய்ந்து சான்றளிக்கும் வகைப்பாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பு, இணையப் பாதுகாப்புக்காக வகுத்த இ26, இ27 தேவைகள் உறுதியானவை. ஆனால் அவை 2024 ஜூலை 1 முதல் கட்டுமான ஒப்பந்தமான கப்பல்களுக்கு மட்டுமே கட்டாயம். கப்பல் இருபத்தைந்து ஆண்டு ஓடும் பொருள். இன்று ஓடும் கப்பல்களுக்கு ஒரு வழி சொல்லாவிட்டால் 2040களிலும் இதே என்.எம்.இ.ஏ. கம்பிகளைத்தான் நம்பிக்கொண்டிருப்போம். பழைய கப்பலில் சென்சார்களை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பியும் வந்து சேரும் இடத்தில், முத்திரையிடும் டிஜிட்டல் சாவியைச் சில்லுக்குள் பூட்டி வைத்த ஒரு சிறு கேட்வேயைப் பொருத்தி, அங்கிருந்து முத்திரை தொடங்கினால் போதும். சென்சாருக்கும் கேட்வேக்கும் இடையிலான சில மீட்டர் கம்பி காப்பற்றதாகவே இருக்கும் என்பது உண்மை. அதைப் பூட்டிய பெட்டியாலும் ஆய்வாளரின் கண்ணாலும் காக்கலாம்.

சாவி மேலாண்மை நடுக்கடலில் நடைபெறும் வேலை என்பதை விதி எழுதுபவர்கள் மறந்துவிடக் கூடாது. சான்றிதழ் காலாவதியானால் அனுப்புவது நின்றுவிடும்படி அமைத்தால், முதல் வாரத்திலேயே யாரேனும் அந்த அமைப்பைக் கழற்றி வைப்பார்கள். முத்திரை இட முடியாதபோது “முத்திரையற்றது” என்ற குறியோடு தரவு தொடர்ந்து செல்ல வேண்டும். பழுதான கேட்வேக்கு மாற்றாகக் கப்பலில் ஒன்று இருக்க வேண்டும். அதன் சாவி முன்னரே கரையில் பதிவாகியிருக்க வேண்டும். இதைக் கையாளப்போகிறவர் இ.டி.ஓ.; மாலுமிகளின் பயிற்சித் தகுதிகளை வகுக்கும் உடன்படிக்கையின் 2010ஆம் ஆண்டு மணிலா திருத்தங்களில்தான் அந்தப் பதவிக்கே தனித் தகுதி வகுக்கப்பட்டது. சென்னை உத்தண்டியில் உள்ள இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகமும் தங்கள் ஒப்புதல் பெற்ற பிற நிறுவனங்களும் இ.டி.ஓ. பாடத்திட்டத்தில் சாவி, சான்றிதழ், நேர ஒத்திசைவு ஆகியவற்றைச் செய்முறையாகக் கற்பிக்கத் தாங்கள் ஆணையிடலாம். அளவீட்டுப் புள்ளிகளுக்குப் பெயரிட ஐ.எஸ்.ஓ. 19848 தரநிலை இருக்கிறது, புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

முதல் கட்டமாகச் சோதனை ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். கடல் தகவல் சேவை தரும் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் கப்பல்களில் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவி, இன்சாட் செயற்கைக்கோள் வழியாக அளவீடுகளைப் பெற்றுவருகிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் சாகர் நிதி போன்ற ஆராய்ச்சிக் கப்பல்களை இயக்குகிறது. அரசின் கையில் இருக்கும் இக்கப்பல்களில் ஒன்றிலும், பழைய சரக்குக் கப்பல் ஒன்றிலும் மேற்சொன்ன கேட்வேயைப் பொருத்தி, ஒரு தென்மேற்குப் பருவக்காலம் முழுவதும் ஓடவிட்டுப் பார்க்கலாம். எத்தனை தொகுப்புகள் முத்திரையோடு சேர்ந்தன, எத்தனை தாமதமாயின, மாதச் செலவு எவ்வளவு என்ற முடிவுகளை வெளியிட்டால், கட்டுப்படியாகுமா என்ற விவாதம் எண்களோடு நடக்கும். முத்திரையைச் சரிபார்க்கும் மென்பொருளை இந்தியாவின் வகைப்பாட்டு நிறுவனமான ஐ.ஆர்.எஸ். திறந்த நிரலாக வெளியிட்டால், சிறு உரிமையாளர்கள் அதற்காக யாரிடமும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருக்காது.

வரைவு விதியை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும்போது, கடலில் இருக்கும் இ.டி.ஓ.க்களும் என்ஜினியர்களும் படித்துப் பதில் எழுதும்படி, காலக்கெடுவைக் குறைந்தது 90 நாளாக வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வணிகக் கப்பல்களில் மின்தொழில்நுட்ப அதிகாரியாகப் பணியாற்றிய ஒருவர்,
சென்னை.